இர்கூத்ஸ்கில் படித்தவள்

எர்தெனெத் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் தொல்கோருக்கு 'லெனின்கிராடு டீச்சர்' என்று பேர். அவள் லெனின்கிராட்டைக் கண்ணால் கண்டதில்லை. போகப்போகிறாள், போகப்போகிறாள் என்று வருஷக்கணக்காக ஊர் பேசிக்கொண்டிருந்ததில் ஒட்டிக்கொண்ட பேர் அது.

ஆட்டு மந்தையோடு வளர்ந்த பெண். படிப்பில் கெட்டி என்று அரசாங்கம் அவளை எல்லை தாண்டி ரஷ்யாவிலிருக்கும் இர்கூத்ஸ்க்குக்கு ரஷ்ய மொழி படிக்க அனுப்பியது. அங்கே நீனா அர்கதியெவ்னா என்ற பேராசிரியைக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரஷ்ய மொழியில் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் இரண்டு முகம் உண்டு. முடிந்துபோன காரியத்துக்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்த காரியத்துக்கு இன்னொன்று. வெளிநாட்டுப் பிள்ளைகள் கடைசிவரை தடுமாறுகிற இடம் அது. தொல்கோர் ஒருநாளும் தடுமாறியதில்லை. போலந்து, செக், பல்கேரிய மொழிகளிலும் இதே இரட்டை முகம் எப்படி வந்தது என்று அவள் எழுதிய கட்டுரையை நீனா லெனின்கிராடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் இடமும் வாங்கி வைத்திருந்தாள். அந்நாட்டு அரசாங்கத்தின் உதவித்தொகை கையில் வந்ததும் கிளம்ப வேண்டியதுதான்.

கணவன் ஜாம்பல் அவளோடு கூடப் படித்தவன், அதே பள்ளியில் அவனும் ரஷ்ய ஆசிரியன். அவன் பேசும் ரஷ்யன் அச்சில் வார்த்த ரஷ்யன். கடையில் ஒரு முட்டைக்கோசு வாங்கினாலும் அதற்கு ஒரு முன்னுரையும் நன்றியுரையும் வைப்பான். ஊர்ச் சுரங்கத்தில் வேலைபார்த்த ரஷ்யர்களே அவன் பேச்சைக் கேட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள்.

அந்த ரஷ்யர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன வருஷம் எல்லாம் தலைகீழாயிற்று. தலைமையாசிரியர் ரஷ்ய ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இனிமேல் ரஷ்யன் கட்டாயப் பாடம் இல்லை. ஒரு வருஷத்தில் எல்லோரும் ஆங்கிலம் படித்து ஆங்கில ஆசிரியர்கள் ஆகிவிட வேண்டும். இஷ்டமில்லாதவர்கள் போகலாம்.

"இத்தனை வருஷமா அண்ணன் மொழி, அண்ணன் மொழின்னீங்க" என்றார் வயதான ஆசிரியர் ஒருவர். "இப்ப அண்ணன் வீட்டை விட்டே போயிட்டாரு. புதுசா ஒரு மாமன் வந்திருக்காரு போல."

"மாமன் பொண்ணு தர்றாரோ இல்லையோ, சம்பளம் தருவாரு. படிங்க" என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். தொல்கோரும் சிரித்தாள். அவளுக்குத்தான் லெனின்கிராடு இருக்கிறதே.

பனி விழத் தொடங்கியபோது அமைச்சகத்திலிருந்து தகவல் வந்தது. இடம் இருக்கிறது, உதவித்தொகை இல்லை. கொடுப்பதாகச் சொன்ன தேசமே இப்போது இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஜாம்பல் உப்புத் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "நீ அடுத்த வருஷம் போறே. இந்தக் குளிர்காலம் நான் ரயில் வியாபாரத்துக்குப் போறேன்."

"யாரு, நீயா? நீ பேரம் பேசினா கடைக்காரனுக்கு நீதான் மீதி கொடுத்துட்டு வருவே."

"நான் எங்கே விக்கப்போறேன்? செவெல்மா விப்பா, நான் அவளுக்காகப் பேசுவேன். அவ்வளவுதான்."

"வேணாம் ஜாம்பல். நான் இங்கிலீஷ் படிச்சுக்கறேன். எல்லாரும்தான் படிக்கிறாங்க."

"எல்லாரும் படிக்கட்டும். எல்லாருக்கும் லெனின்கிராடுல இடம் கிடைச்சுதா? ஸா, ஸா, விடு." சண்டை வளரப்போகிறது என்று தெரிந்தால் அவன் இப்படித்தான் 'சரி, சரி' என்று பேச்சை மூடிவிடுவான்.

செவெல்மா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். சமையலறையை மூடியதும் தோல் கோட்டுகளை மூட்டை கட்டி இர்கூத்ஸ்க் சந்தைக்குக் கொண்டுபோக ஆரம்பித்திருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஜாம்பலைக் கூட்டிப்போக வந்தவள் வாசலில் நின்றே முழங்கினாள்: "டீச்சர், உன் புருஷன் வாயைக் கொஞ்ச நாளைக்கு இரவல் கொடு! என் ரஷ்யனைக் கேட்டா குதிரைகூடச் சிரிக்குது."

ஜாம்பல் சில தடவை போய்வந்தான். சோப்பும் சர்க்கரையும் கொண்டுவந்தான். சந்தையில் தன்னைப் 'பேராசிரியர்' என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தான். முகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கறுத்து வந்தது.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை முடிந்த வாரம், தொல்கோர் வகுப்பில் இருந்தபோது தலைமையாசிரியரே வந்து கதவைத் தட்டினார். தொலைபேசியில் செவெல்மா. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"டீச்சர்... சந்தையில ஒரு தகராறு. உங்க வீட்டுக்காரர் பனிக்கட்டியில விழுந்துட்டாரு. தலையில அடி. உடனே போயிடுச்சு டீச்சர், உசுரு. வலியே தெரிஞ்சிருக்காது."

மாமியார் அவள் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு சொன்னாள்: "அழாதேம்மா. நாம விடற கண்ணீர் அவன் போற வழியில ஆறா ஓடும். கடக்க முடியாம நிப்பான். போய் அவனைக் கூட்டிட்டு வா. உனக்குத்தான் அந்த மொழி தெரியும்."

தொல்கோர் அழவில்லை. ரயில் ஏறினாள்.

இர்கூத்ஸ்க் ஆஸ்பத்திரியில் பிணவறைக் குமாஸ்தா அவளை உட்காரச் சொல்லி, இறந்தவரின் பேரையும் உறவையும் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க ஊர்ப் பொண்ணு மாதிரியே பேசறீங்களே! இங்க வர்ற உங்காளுங்க யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. எங்கே படிச்சீங்க?"

"இங்கேதான்" என்றாள் தொல்கோர்.

"அருமை, அருமை" என்று சொல்லிவிட்டு, எதற்காக அவள் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோலக் குனிந்து எழுதினான்.

துணிமணிகளைக் கொடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். நடுவயதுக்காரி, இளகிய மனசு. தொல்கோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஜாம்பல் இறந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொன்னாள். அதில் ஒரு வினைச்சொல் தொல்கோரின் காதில் முள்ளாய்த் தைத்தது. இறந்தான் என்று அவள் சொல்லவில்லை. இறந்துகொண்டே இருந்தான் என்ற பொருள் வருகிற இன்னொரு முகத்தைச் சொல்லிவிட்டாள். வேறு எந்த அயல்நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் அது காதில் விழுந்திருக்காது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் தொல்கோர்.

நர்ஸுக்கு முகம் வெளுத்தது. "உங்களுக்குச் சொல்லலையா? அன்னிக்குப் பூரா இருந்தாரும்மா. மறுநாள் காலையிலதான்..."

"பேசினாரா?"

"பேசிக்கிட்டேதான் இருந்தார். உங்க மொழியில. எங்க யாருக்கும் ஒண்ணும் புரியலை. நான் கேட்டேன், 'ரஷ்யன்ல சொல்லுங்கய்யா, என்ன வேணும்'னு. அவருக்கு ரஷ்யன் ஒரு வார்த்தைகூட வரலை. கடைசியில 'ஸா, ஸா'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தார். அப்படின்னா என்னம்மா? தண்ணியா?"

"இல்லை" என்றாள் தொல்கோர். "சரின்னு அர்த்தம்."

பிறகு அவனை ஊருக்குக் கொண்டுபோகிற வேலை. போலீஸ் முத்திரை, சுங்க முத்திரை, சரக்குப் பெட்டிக்கு ரயில்வேக்காரரின் கையெழுத்து. ஒவ்வொரு ஜன்னலாக நின்று பேசினாள். ஓரிடத்தில் கெஞ்சினாள், ஓரிடத்தில் சட்டம் பேசினாள், ஓரிடத்தில் அதட்டினாள். அத்தனை நல்ல ரஷ்யனை அவள் பரீட்சையில்கூடப் பேசியதில்லை.

நீனா அர்கதியெவ்னாவுக்கு எப்படியோ தெரிந்து, வேகவைத்த உருளைக்கிழங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டாள். பழைய கோட்டின் கைப்பட்டையில் ஒட்டுத்தையல் போட்டிருந்தது. நடைமேடையில் இரண்டுபேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"இதைச் சொல்ற நேரமில்லை, தெரியும்" என்றாள் நீனா. "ஆனா நீ போயிட்டா அப்புறம் எப்ப பார்ப்பேனோ. உன் இடம் இன்னும் இருக்கு, தொல்கோர். காசு கிடையாது, எனக்கே சம்பளம் வரலை. என் தங்கச்சி வீடு அங்கே இருக்கு, நீ தங்கிக்கலாம். படிப்பை விட்டுடாதே. உன்னை மாதிரி ஒருத்தி எனக்கு இனிமே கிடைக்க மாட்டா."

"டீச்சர், வினைச்சொல்லைப் பத்தி இனிமே நான் தெரிஞ்சுக்க ஒண்ணும் பாக்கியில்லை" என்றாள் தொல்கோர்.

நீனாவுக்கு அது புரியவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டு அவள் நெற்றியில் முத்தமிட்டாள்.

அடக்கம் முடிந்து செவெல்மா வீட்டுக்கு வந்தாள். தொல்கோர் கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள். தேநீர் கொடுக்கவில்லை. எதிரி வந்தாலும் தேநீர் கொடுக்கிற ஊர் அது. செவெல்மா கொஞ்ச நேரம் வெறும் கையோடு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அவளைத் தெருவில் கண்டாலும் தொல்கோர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள்.

தொல்கோர் ஆங்கிலப் பயிற்சியில் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு இரண்டு பாடம் முன்னால் தான் படித்து, மறுநாள் மேஜையையும் நாற்காலியையும் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தினாள். லெனின்கிராட்டின் பேரும் இதற்குள் மாறிப்போயிருந்தது. அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை ஊரும் விட்டுவிட்டது.

அதற்குப் பதிலாக ஜனங்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். அக்கரையில் செத்த புருஷனை முழுசாய் ஊர் கொண்டுவந்து சேர்த்தவள் என்று பேர் பரவியிருந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் பிடிபட்ட மகன், காணாமல் போன தம்பி, ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிற மருமகள். வந்தவர்கள் தயிர்க்கட்டியையும் காய்ந்த இறைச்சியையும் வாசலில் வைத்துவிட்டுத் தயங்கி நிற்பார்கள். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாள்.

அடுத்த வருஷம் பனி உருகும் சமயம். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் செவெல்மா நிற்கிறாள். உடம்பு பாதியாகியிருந்தது.

"என் தம்பியை அக்கரையில, உலான்-உதேயில பிடிச்சு வச்சிருக்காங்க, டீச்சர். வேற ஒருத்தனோட மூட்டை, இவன் தலையில கட்டிட்டாங்க. உன்கிட்ட வர எனக்கு முகமில்லை. ஆனா நான் வேற எங்கே போவேன்?"

இந்தத் தடவை தொல்கோர் எதிர்ச்சாரிக்குப் போகவில்லை. "பாஸ்போர்ட் கையில இருக்கா?" என்றாள்.

உலான்-உதேயில் விசாரணை அதிகாரிமுன் தொல்கோர் பேசியதைப் பேச்சு என்று சொல்லக்கூடாது. நூல் பிடித்து இழைத்த வேலை அது. அதிகாரி கோப்பை மறுபடி முதலிலிருந்து புரட்டினான். சில நாளில் பையனை விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் ரயிலில் தம்பி மேல்படுக்கையில் தூங்கிப்போனான். ஜன்னலுக்கு வெளியே செலெங்கே ஆற்றில் பனிப்பாளங்கள் உடைந்து மிதந்தன. தொல்கோர் அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னிக்கு நீ என்ன சொன்னே, செவெல்மா?"

செவெல்மாவுக்கு என்றைக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு பசங்க வந்து நின்ன இடத்துக்குப் பணம் கேட்டானுங்க. 'உங்கப்பன் வீட்டு மார்க்கெட்டாடா இது'ன்னேன். நம்ம மொழியிலதான் சொன்னேன். 'அதை அப்படியே சொல்லு'ன்னு அவரைப் பிடிச்சுத் தள்ளினேன்."

"சொன்னாரா?"

"எனக்கெங்கே புரியும்? நீளமா, ரொம்ப மரியாதையா, தொப்பியைக் கழட்டிட்டு என்னவோ சொன்னாரு. சமாதானம் பண்றாருன்னு எனக்குத் தோணிச்சு. ஒருத்தன் சிரிச்சுட்டு அவரை மாதிரியே பேசிக் காட்டினான். கூட இருந்தவனுக்கு மூஞ்சி ரத்தமா சிவந்துபோச்சு. 'எங்களை நக்கல் பண்றியா'ன்னு கத்தினான். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும், சந்தையில தினம் கேக்கறது. ஓங்கி ஒரு தள்ளு. அவ்வளவுதான்." செவெல்மா முகத்தை மூடிக்கொண்டாள். "நான் திட்டினதுதான் எல்லாத்துக்கும் காரணம்."

தொல்கோருக்கு அந்த ரஷ்ய வாக்கியம் காதில் கேட்டது. 'மதிப்பிற்குரிய நண்பர்களே, தாங்கள் தவறாகக் கருதமாட்டீர்களெனில், இவ்வம்மையார் கூற விழைவது யாதெனில்...' அவன் குரலிலேயே கேட்டது. ஒரு விகுதிகூடப் பிசகவில்லை.

"நீ திட்டினது அவனுக்குப் புரியவே இல்லை, செவெல்மா" என்றாள். "இவர் பேசினதுதான் புரிஞ்சுது."

பெட்டிக் கோடியில் இருந்த சமோவார் கொதிகலனில் வெந்நீர் பிடித்துவந்து செவெல்மாவுக்கும் தேநீர் கலந்து கொடுத்தாள். இருவரும் குடித்தார்கள்.

அதற்குப் பிறகும் தொல்கோர் எத்தனையோ பேருக்காக எல்லை தாண்டினாள். ஆனால் அலுவலக ஜன்னல்களில் அவள் பேசுகிற விதம் மாறிவிட்டது. வேற்றுமை உருபுகளை உதிர்த்துவிட்டு, வினையை முறித்துப்போட்டு, சந்தைக்காரி மாதிரி கொச்சையாகப் பேசினாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை முன்னைவிடச் சீக்கிரம் நடந்தது.

ஒருமுறை இர்கூத்ஸ்க் ரயில் நிலையத்தில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மாள் தன்னையறியாமல், மெல்லிய குரலில், அந்த வார்த்தையின் சரியான உருவத்தைச் சொல்லிவிட்டாள். தொல்கோர் திரும்பினாள். நீனா அர்கதியெவ்னா.

தொல்கோர் அந்த வார்த்தையைச் சரியாக ஒருமுறை சொன்னாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மறுபடி தப்பாகவே சொன்னாள்.