சேவேயின் வலது கை

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் பிறந்தது. ஆஸ்திரேலியாவில், டூவூம்பா நகரின் மாலை வகுப்பில் ஜூடித் ஆசிரியை சொன்னார்: "வீட்டுல இருக்கிற ஒருத்தரைப் பத்தி எழுது. முடிவு இல்லாம கொண்டுவராதே."

அண்ணன் மகள் சேவேயை எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயது. வலது கை எப்போதும் மூடியே இருக்கும்.

முதல் தொடக்கம்: 'இராக்கில் யசீதிகளான எங்களைக் கொல்ல வந்தவர்களிடமிருந்து தப்பி, சிஞ்சார் மலைக்கு ஓடிய அன்று அம்மாவின் உடையைப் பிடித்த கை, பிறகு...'

(நிறுத்திவிட்டேன். அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. கை மூடியது ஒரு வருடம் கழித்து, அகதி முகாமில், சாதாரண ஒரு நாளில். ஏன் என்று யாருக்கும் தெரியாது.)

2

எலும்பிலும் நரம்பிலும் குறையில்லை, பயம் அங்கே தங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். நகம் குத்தி உள்ளங்கை புண்ணாகிவிட்டது. வியாழக்கிழமை மயக்க ஊசி போட்டுத் திறப்பதாக ஏற்பாடு.

சேவே கேட்டாள்: "நான் எழுந்திருக்கிறப்ப நீங்கல்லாம் எங்க இருப்பீங்க?"

(இதற்கு நான் சொன்ன பதில் சரியாக இல்லை. விட்டுவிடுகிறேன்.)

3

புதன்கிழமை எங்கள் யசீதிப் புத்தாண்டு. சாயமேற்றிய அவித்த முட்டைகளை மோதவிடுவோம். உடையாத முட்டைக்காரர் உடைந்ததை எடுத்துக்கொள்ளலாம். இடது கையால் மோதிய சேவே, தன் அப்பாவை, என் அண்ணன் கேரோவை, தோற்கடித்தாள்.

"உள்ள கல்லு வச்சிருக்கியாடி?"

"தோத்தா அழக் கூடாதுப்பா. முட்டையைக் குடுங்க."

"இடது கையில உன்னோடது இருக்கே. எதுல வாங்குவ? வாயிலயா?"

(தெரிந்துதான் சொன்னாரா என்று பிறகு கேட்டேன். "விளையாட்டு மும்முரத்துல வந்துடுச்சு" என்றார். நம்புகிறேன், பெரும்பாலும்.)

4

முடிவு அ: விரல்கள் மலர்ந்தன, எல்லோரும் கைதட்டி... (வேண்டாம்.)

முடிவு ஆ: முட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். (நடந்திருக்கலாம்.)

நடந்தது இவ்வளவுதான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் திரும்பினேன்; அண்ணன் நீட்டிய முட்டைக்கு நேரே சேவேயின் வலது கை நீண்டிருந்தது.

"அத்தை, பாக்காதீங்க! பாத்தா வராது."

எத்தனை பேர் அந்தக் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்! நானும் இங்கே இவ்வளவு நேரம் வேறென்ன செய்தேன்? குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன், முட்டையை நீட்டியபடியே, முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கிட்டக்க கொண்டுவாங்கப்பா."

"கை வலிக்குதுடி மகாராணி, சீக்கிரம்."

"சும்மா இருங்க!" சிரிப்பு கேட்டது, இருவருடையதும்.

வியாழக்கிழமை என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஜூடித் ஆசிரியை மதிப்பெண் குறைத்தாலும் எழுத மாட்டேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவளுக்கு நேரம் வேண்டும்.