நிரந்தரமாகப் போய் டிசம்பரில் வந்தவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டன் குட்மேய்ஸில் எனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ரதீசன் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். உட்கார்ந்தேன், கடிதம் வரவில்லை, இது வந்தது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. சோம்பல்தான்.)

ரதீசனின் மகள் தாரகாவுக்கு வரும் செப்டெம்பரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைக்குரிய கட்டணமா, வெளிநாட்டுப் பிள்ளைக்குரியதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவது பல மடங்கு அதிகம், படிப்புக் கடனும் கிடையாது. லண்டனில் பிறந்தவள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் என்பதெல்லாம் போதாதாம். படிப்புத் தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டும் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். தாரகாவுக்கு அதில் நாலு மாதம் குறைகிறது. அந்த நாலு மாதமும் அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள்.

தற்காலிகமாகப் போயிருந்தால் அதையும் இங்கே வாழ்ந்த கணக்கில் சேர்க்கலாமாம். குடியேறப் போயிருந்தால் சேர்க்கமாட்டார்களாம்.

"தற்காலிகமாத்தான் போனவை எண்டு ஒரு கடிதம் தாங்கோ அக்கா," என்றார் ரதீசன். "எங்களை நல்லாத் தெரிஞ்ச ஆக்கள் எழுதினால் நல்லதாம்."

அவர் அதைச் சொல்லும்போது நான் அவருடைய தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள், தங்க எழுத்தில், நான் எழுதிய வாழ்த்துமடல் தொங்கிக்கொண்டிருந்தது.

2

முதல் தொடக்கம்: லண்டன் மாநகரை வெண்பனி போர்த்தியிருந்த அந்த மாலை –

(வேண்டாம். அது ஆகஸ்ட். வியர்த்துக் கொட்டியது.)

இரண்டாம் தொடக்கம்: 2022 ஆகஸ்ட். இலங்கையே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டு. எல்லோரும் அங்கிருந்து வெளிக்கிடப் பார்க்க, ரதீசன் அங்கே குடியேறப் புறப்பட்டார். இங்கே வீடு வீடாகக் குளியலறை பொருத்தியவர், யாழ்ப்பாண நகரில் குளியலறைச் சாமான் கடை போடப் போனார். சும்மா போனாரா? மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு கொடுத்து, மேடையில் பேனர் கட்டிப் போனார். எங்கள் ஆட்களுக்குக் கலியாணம், சாமத்தியவீடு, அறுபதாம் பிறந்தநாள் எதுவென்றாலும் மேடையில் ஒரு வாழ்த்துமடல் வாசிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அதை எழுதுகிறவள் நான்தான். வாசித்தேன்:

இரவல் வாசல் இனிவேண்டாம் என்றே
இறுதியாய்க் கதவை இழுத்தே அடைத்துத்
திரும்பா உறுதியொடு தாய்மண் சேரும்
தீரனே ரதீசா, நீடு வாழ்க!

'திரும்பா உறுதி'க்குக் கைதட்டல் ஓயவில்லை. மேடையில் கணவனுக்குப் பக்கத்தில் நின்ற குமுதினியும் தட்டினாள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் மூவரும் திரும்பி வந்தார்கள். கடை ஓடவில்லை. அதை விரிவாக எழுதினால் கதை கடைக்குள் போய்விடும்.

அடிக்குறிப்பு: பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்குத் தமிழ் தெரியாது என்று நான் ஆறுதல்பட்டேன். பேனரில் ஆங்கிலத்திலும் 'நிரந்தரமாக' என்றுதான் போட்டிருந்தது. படம் இன்னும் முகநூலில் இருக்கிறது.

3

பாத்திரத்தைப் பற்றி எனக்கொரு சந்தேகம். ரதீசனைக் கோமாளியாக எழுதினால் கதை விறுவிறுவென்று போகும். ஊரில் அப்படித்தான் கதைத்தார்கள், "போன மச்சான் திரும்பி வந்தான்" என்று. ஆனால் எனக்கு அந்த மனிதனைப் பிடிக்கும். நம்மில் பாதிப் பேர் வாயால் செய்வதை அவர் ஒருவர்தான் செய்து பார்த்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ," என்று கேட்டேன். "திரும்பி வாற எண்ணம் ஒரு மூலையிலயாவது இருந்ததோ?"

"இல்லை அக்கா. துளியும் இல்லை." பிறகு, "அதை எழுதிப்போடாதேங்கோ," என்றார்.

கதையில் நான் கூசாமல் பொய் சொல்வேன். கையெழுத்துப் போட்டுச் சொல்ல ஏலாது. போகும்போது எல்லோரிடமும் "போட்டு வாறம்" என்றுதானே சொன்னார்கள், அதையே சாட்சியாக எழுதலாமா என்றுகூட யோசித்தேன். கடைக்குப் பால் வாங்கப் போகிறவரும் அதைத்தானே சொல்கிறார்!

தாரகா படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இட்ஸ் ஓகே அன்ரி. ஒரு வருஷம் வெயிட் பண்ணித் திரும்ப அப்ளை பண்ணுறன்," என்றாள். ஒரு வருடம் பொறுத்தால் கணக்குச் சரிவரும்தான். ஆனால் போய்வந்ததில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது. அவளோடு படித்தவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அப்பாவின் ஆசைக்கு இரண்டாவது வருடத்தையும் கொடுக்க அந்தப் பிள்ளை தயாராக இருந்தாள்.

4

இனிக் குமுதினி. இதுவரை கைதட்டியதைத் தவிர அவளை நான் ஒன்றும் செய்யவிடவில்லை. அது கதைக்காரியின் பிழை.

மறுநாள் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறாள்.

"அக்கா, நான் அப்ப வேலையை விடேல்லை."

"என்ன?"

"இவர் விடச் சொன்னவர். விட்டிட்டன் எண்டு சொன்னனான். ஆனால் ரெண்டு வருஷம் சம்பளமில்லாத லீவுதான் எடுத்தனான். அதுக்குக் கடிதம் இருக்கு. திரும்பி வந்தோண்ணை, என்ர மனுசி கெட்டிக்காரி, அதுதான் பழைய வேலையைத் தந்தவங்கள் எண்டு இவர் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

அவள் நிறுத்தவில்லை.

"வீட்டை வாடகைக்குக் குடுக்கேக்க கூரைக்குள்ள இருக்கிற லொஃப்டை மட்டும் பூட்டினனான். பிள்ளைக்கு ஒரு சைஸ் கூடக் குளிர்க்கோட் வாங்கி, பில்லோட அங்க வைச்சனான்."

அந்தக் கோட்டுக்குப் பின் எனக்கு வேறு பாத்திரம் தேவைப்படவில்லை.

"பிறகென்ன, என்ர கடிதம் எதுக்கு? இதைக் குடுங்கோவன்."

"அதோட குடுக்கிற படிவத்தில இவரும் கையெழுத்து வைக்கவேணும் அக்கா. வாசிச்சுப்போட்டுத்தானே வைப்பார்." அவள் கண் கலங்கியது. "பதினேழு வருஷமா அந்தாள் கண்ட கனவு. நான் பக்கத்தில நிண்டு கைதட்டிக்கொண்டே லீவு எடுத்தனான்."

மகளுக்கு வழி திறக்கும் சாட்சியே கணவனுக்கு அடி. இதை எப்படி முடிப்பது?

5

முடிவு அ: ரதீசன் வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார். (குளியலறைக் குழாய் வாங்கினாலே உத்தரவாத அட்டையை முழுக்க வாசிக்கிற மனுசன். யாரும் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: ரதீசன் ஆத்திரத்தில் வாழ்த்துமடலைக் கழற்றி உடைக்கிறார். (என் வரிகள். எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இ: ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். குமுதினி தேநீரோடு லீவுக் கடிதத்தையும், லீவு, லொஃப்ட், கோட் எல்லாம் எழுதிய படிவத்தையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். தேநீர் ஆறிப்போனது.

"அப்ப நீ என்னை நம்பேல்லை."

"நம்பினன். எங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவியள் எண்டு நம்பினன்."

அவர் சுவரில் இருந்த மடலைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மேல்மாடியில் தாரகா நடக்கும் சத்தம் கேட்டு, பிறகு நின்றது.

"லொஃப்டில," என்றார் ரதீசன் கடைசியில், "எனக்கும் ஒரு கோட் வைச்சனியோ?"

"ஓம். உங்கட நீலக் கோட். அதைத்தானே டிசம்பரில வந்து இறங்கினோண்ணை போட்டனீங்கள்."

அவர் அந்த நீலக் கோட்டை மூன்று குளிர்காலமாகப் போடுகிறார். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். எழுந்துபோய்ச் சட்டத்தின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும் அக்கா. நான் அப்பிடித்தான் போனனான்."

6

கட்டணப் பிரிவின் பதில் இன்னும் வரவில்லை. என் கடிதமும் போகவில்லை. 'இந்தக் குடும்பம் லண்டனை விட்டுப் போனபோது' என்று தொடங்கி –

(அங்கேயே நிற்கிறது. குடும்பம் என்று ஒன்று போகவில்லை. மூன்று பேர் போனார்கள்.)

விமானத்தில் ஜன்னலோரம் ரதீசன், திரும்பாத உறுதியோடு. மறுபக்கம் குமுதினி, கைப்பையில் லொஃப்ட் பூட்டின் திறப்போடு. நடுச்சீற்றில் தாரகா. அந்தச் சீற்றில் இருந்தவள் எப்படிப் போனாள் என்றுதான் கட்டணப் பிரிவு கேட்கிறது. எனக்குத் தெரியவில்லை. மூன்று பேரையும் இப்போது உங்களுக்கும் தெரியும். கடிதத்தில் நிற்கிற அந்த வசனத்தை முடித்துக் கொடுங்கள். பிள்ளை இன்னும் படியில்தான் இருக்கிறாள்.