சென்ற நேரம்

திலகவதி நூலகத்துக்குள் நுழைந்தது படிக்கிற ஆசையில் அல்ல. சிதம்பரத்தில் சித்திரை வெயில் காலை ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. சந்து முனையில் பஸ்ஸுக்கு நின்றவளுக்குத் தலை கிறுகிறுத்தது. ஜன்னல் வழியே ஒரு ஃபேன் சுற்றுவது தெரிந்தது. அவ்வளவுதான். பள்ளிக்கூட நாளில் கடலூர் நூலகத்தில் அலமாரி அலமாரியாக மேய்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

உள்ளே நூலகர் நடனசபாபதி மட்டும் இருந்தார். வாசல் மேசையில் வருகைப் பதிவேடு, அதோடு நூல் கட்டிய பேனா.

"பேர், ஊர், கையெழுத்து, வந்த நேரம் போடும்மா. போறப்ப மறக்காம போன நேரமும் போடணும். ஒருத்தரும் போட மாட்டேங்கறாங்க. இந்த நோட்டைப் பார்த்தா, வந்தவுங்க அத்தனை பேரும் இன்னும் உள்ளதான் குந்தினு இருக்காங்கன்னு அர்த்தம்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

தொடக்கக் கையேடுகளுக்கென்று ஓர் அலமாரி இருந்தது. தையல், மிக்ஸி பழுது, காளான் வளர்ப்பு, கம்ப்யூட்டர். எல்லாம் ஒன்றுமே தெரியாதவர்களுக்காக எழுதியவை. 'முதலில் கத்தரிக்கோலைக் கையில் எடுங்கள்' என்று ஆரம்பிக்கிற அளவுக்குப் பொறுமை. திலகவதியிடம் அத்தனை பொறுமையாக இதுவரை யாரும் பேசியதில்லை. தினமும் கதவு திறந்ததும் முதல் ஆளாக வரத் தொடங்கினாள். ரவிக்கைக்குக் கை வெட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டினாள். மிஞ்சிப்போன ஒரு ஸ்க்ரூவை மகள் சுவேதா கண்ணில் படாமல் ஒளித்துவைத்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, பதிவேட்டில் அன்றைய முதல் வரி நிரம்பியிருந்தது. பெயர் இல்லை, கைநாட்டு. மை காயவில்லை. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

"சார், எனக்கு முன்னாடி யாரு வந்தது?"

"யாரும் வரலியேம்மா. இப்பதான பூட்டைத் தொறந்தேன்."

திலகவதி குனிந்து பார்த்தாள். அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் இளவரசுவின் கட்டைவிரலை நைலான் கயிறு அறுத்த தழும்பு அது. வீட்டில் இருக்கிற காகிதம் அத்தனையிலும் அவன் கைநாட்டு அப்படித்தான் விழுந்திருக்கும்.

இளவரசு கடலூர் முதுநகரிலிருந்து மீன்பிடிக்கப் படகேறிப் போய் ஏழு வருஷம் ஆகிறது. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடலைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அவள் மகளோடு சிதம்பரத்துக்குக் குடிவந்தாள். ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லை என்று தாலுகா ஆபீஸில் கையெழுத்துப் போட்டால், அவன் இறந்தவனாகிவிடுவான். குப்பத்து வீடு சுவேதா பேருக்கு மாறும். அவனுடைய அண்ணன் அன்புமணி மனு எழுதி, அலையாய் அலைந்து, எல்லாம் தயார். திலகவதிதான் ஒருமுறை காய்ச்சல் என்றாள், ஒருமுறை பஸ் கிடைக்கவில்லை என்றாள். கையெழுத்துப் போட்டால் தானே அவனைக் கொன்றதாகிவிடும் என்று பயந்தாள். கடைசித் தவணை ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை.

மறுநாளும் கைநாட்டு இருந்தது. ஜன்னலோர மேசையில் முதியோர் எழுதப் பழகும் கையேடு ஒன்று விரித்துக் கிடந்தது. பக்கம் நமத்திருந்தது. கடலுக்குச் சம்பந்தமில்லாத அந்தச் சந்துக்குள் உப்புக் கவிச்சி அடித்தது. அதற்கடுத்த நாள் கைநாட்டுக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு 'ட'. பிறகு 'ப'. பிறகு 'ம'. அந்தக் கையேட்டில் முதல் பாடமே அந்த மூன்றுதான். நேர்கோட்டை மடக்கினால் வந்துவிடும்.

"எனக்கு எம் பேரை எழுதக் கத்துக் குடு திலகா" என்று அவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். மீன் கூடையை இறக்கிய அலுப்பில் அவள் "நாளைக்கு மாமா" என்பாள். அந்த நாளை வரவே இல்லை.

ஓடிப்போயிருக்க வேண்டும். ஓடவில்லை. கிளம்பும் முன் கையேட்டை அடுத்த பாடத்துக்குத் திருப்பி, மேலே ஒரு பென்சிலை வைத்துவிட்டுப் போனாள். காலையில் பென்சில் ஈரமாக இருந்தது. பதிவேட்டில் 'படம்' என்று எழுதியிருந்தது. இப்படியே ஒரு மாதம் போனது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. பயந்தாள், அந்தப் பயத்தோடேயே இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலம் ஆயிற்று என்றும் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று நுழைந்தாள். நடனசபாபதி கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

முதல் வரியில் கைநாட்டு இல்லை. 'இளவரசு' என்று முழுசாக இருந்தது, ஒரு பிழை கிடையாது. அதற்குக் கீழே அதே கோணல் எழுத்தில் 'திலகவதி'. அவள் எப்போதும் சிதம்பரம் என்று எழுதுகிற இடத்தில் 'கடலூர்'. இரண்டுக்கும் வந்த நேரம் ஒன்பது. சென்ற நேரம் காலியாக இருந்தது.

ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் ஒட்டிக் கிடந்தன. ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று காய்ந்திருந்தது.

உட்கார்ந்தால்தான் என்ன என்று தோன்றியது. ஆசையாகவே இருந்தது. காய்ந்த நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். மரம் ஐஸாய்ச் சில்லிட்டது. அப்போது போன் அடித்தது.

"அம்மா, பெரியப்பா பஸ் ஸ்டாண்டுல வெயிட் பண்றாரு. எங்க இருக்குற?" என்றாள் சுவேதா.

"லைப்ரரில."

"உள்ளயா, வெளியவா?"

திலகவதி நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"வெளிய வந்துட்டேம்மா" என்று சொல்லி போனை வைத்தாள். பேனாவை எடுத்துத் தன் பெயருக்கு நேராக 9.10 என்று போட்டாள். மேல் வரிக்குக் கை நகர மறுத்தது.

"எல்லாத்தையும் கத்துக்குன மாமா. இதை மட்டும் நான் சொல்லிக் குடுக்கல. போவ சொல்ல போன நேரமும் போடணும்" என்றாள் ஈர நாற்காலியைப் பார்த்து. "இரு, நானே போட்டுடறேன்."

போட்டாள். நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. ஈரக் கால்தடங்கள் அவளை உரசுகிற தூரத்தில் கடந்து, வாசற்படி இறங்கின. சந்தில் நாலைந்து தடம் தெரிந்தது. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகக் காய்ந்தது.

கடலூர் தாலுகா ஆபீஸில் அன்புமணி பத்திரத்தை எடுத்து நீட்டினார். 'ஏழு ஆண்டுகளாக அவரிடமிருந்து எனக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.' அந்த வரியில் திலகவதியின் பேனா நின்றது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமா ஒரு தகவலும் வரலியாம்மா?"

இளவரசு என்ற அந்த அஞ்சு எழுத்தும் அவள் கண்ணுக்குள் நின்றன.

"வரல சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.