குமாஸ்தாவின் மூன்று வாரத் தாடி

பொருளாதார மந்தத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டது. குழுவின் குமாஸ்தா படிவங்களோடு அந்த முடிதிருத்தும் கடைக்குள் வந்தபோது, சனிக்கிழமையோடு கடையை மூடிவிடுவதென்று அதை நடத்திவந்த அவளும் கணவரும் முடிவெடுத்திருந்தார்கள்.

"தொழில் படுத்ததுக்கு என்ன காரணம்?"

"எதிர்க்கடைத் தையல்காரர்தான் சார்," என்றார் கணவர். "ரெண்டு மாசமா முடி வெட்டிக்க வரல."

தையல்காரரோ செருப்புக்காரர் மேல் பழி போட்டிருந்தார். அவர் சட்டை தைக்கக் கொடுத்தே வருஷமாகிறதாம். செருப்புக்காரர், முடிதிருத்துபவர் வார் அறுந்த செருப்பைக் கயிறு கட்டி இழுத்து நடப்பதைக் காட்டியிருந்தார்.

அவள் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரத் தாடி.

"நீங்க ஏன் சார் சவரம் பண்ணிக்கல?"

"நிலைமை சரியாகட்டும்னு இருக்கேன்."

"எல்லாரும் அதுக்குத்தான் இருக்கோம். உக்காருங்க."

கூலியாக ஓரம் கிழிந்த ஒரு நோட்டை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, கணவரின் செருப்போடு செருப்புக்காரரிடம் ஓடினாள். குமாஸ்தாவுக்கு ஒரு கன்னம் முடிவதற்குள் தையல்காரர் தலையைச் சொறிந்தபடி உள்ளே வந்தார். கையில் அதே ஓரம் கிழிந்த நோட்டு.

"செருப்புக்காரன் திடீர்னு சட்டைத்துணி கொடுத்துட்டான். என்னம்மா நடக்குது இந்தத் தெருவுல?"

"அரசாங்க வேலை நடக்குதுண்ணே. பேசாம உக்காருங்க."

"இத எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்றார் குமாஸ்தா, நுரைக்குள்ளிருந்து.

கடையை மூடவில்லை. நான்கு வருஷம் கழித்து வந்த குழுவின் அறிக்கையில் அந்தத் தாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. கணவருக்குக் கடைசிவரை அது பெரிய மனக்குறை. "நாட்டை நிமித்தினதுல பாதி என் கத்தி" என்பார்.

மீதிப் பாதி யாருடையது என்று ஒருநாள் கேட்க வேண்டுமென்று இருந்தாள். அதற்குள் அவர் போய்விட்டார்.