அம்மன் நடுவில் நின்ற செய்தி

திம்புள்ளப் பக்கம் குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு கணக்கு, அதாவது இரண்டு பிரிவு. மாரியம்மன் தேர் முதலில் மேல்கணக்கு லய வீடுகளுக்குப் போவதா, கீழ்க்கணக்கு லயங்களுக்குப் போவதா என்று சண்டை. போன வருஷத் திருவிழாவோடு இரண்டு பக்கமும் பேச்சை நிறுத்திவிட்டன. நாய்கள்கூட எல்லை தாண்டிக் குரைப்பதில்லை. நம்பாதவர்கள் நாய்களையே கேட்டுக்கொள்ளலாம்.

இதில் மாட்டிக்கொண்டவள் சண்முகவடிவு. பிறந்தது மேல்கணக்கு, வாழ்க்கைப்பட்டது கீழ்க்கணக்கு. தாய் பேச்சியம்மாவின் வீடு கூப்பிடு தூரந்தான். ஆனால் அந்தப் படியேறினால் இரண்டு பக்கத்திலும் பஞ்சாயத்து வைப்பார்கள். இந்த வருஷமும் தேர் இரண்டு பக்கத்துக்கும் போய்ச் சேராவிட்டால் அம்மா முகத்தைப் பார்க்க வழியில்லை.

அவளிடம் ஒரு பத்திரிகை இருந்தது. கொழுந்து நிறுக்கிற மடுவம் இரண்டு கணக்குக்கும் பொது. அதன் சுவரில் ஞாயிறுதோறும் அவள் எழுதி ஒட்டும் ஒரே தாள்தான் அது.

மேல்கணக்குத் தலைவர் லெட்சுமணன் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "பாப்பா, நம்ம பக்கத்து நியாயத்தப் போடு. என் போட்டோ பெருசா இருக்கட்டும்."

"போடுறேன் சித்தப்பா. மொதல்ல கீழ உள்ளவங்க ஏன் அப்பிடிக் கேக்குறாங்கன்னு நீங்க சொல்லணும். கந்தப்பன் மாமா கேட்டுட்டு, 'ஆமா, இதுதான்'னு தலையாட்டணும். அப்புறந்தான் உங்க பேட்டி. அவருக்கும் இதே சட்டந்தான்."

கீழ்க்கணக்குத் தலைவர் கந்தப்பன் தலையாட்டுவதில்லை என்ற முடிவோடு வந்து உட்கார்ந்தார்.

"அவனுங்களுக்குக் கொழுப்பு," என்று ஆரம்பித்தார் லெட்சுமணன்.

தலை ஆடவில்லை.

"அப்ப பொறாமை."

"ஒன்னப் பாத்தாய்யா? எதுக்கு?"

போட்டோ ஆசை யாரை விட்டது? லெட்சுமணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ் லயத்துக்கே போய்ப் பெண்களிடம் விசாரித்துவிட்டு வந்தார்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தேரு மொதல்ல மேல போச்சு. கீழ எறங்குறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்ச பொம்பளைங்க அம்மனப் பாக்காமலே பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் குடுக்கப் போனாங்க." கந்தப்பனின் தலை அவரைக் கேட்காமலே ஆடியது.

கந்தப்பன் விடுவாரா? "போன வருஷம் மொதல்ல நம்ம பக்கம் வந்துச்சு. தேரு இழுத்தவங்க தண்ணியப் போட்டுட்டு ஏத்தத்துல விட்டுட்டாங்க. அம்மன் விடியவிடியப் படங்குச் சாக்கப் போத்திக்கிட்டு ரோட்டோரம் கெடந்தா. மேல காத்திருந்த சனம் அழுதிருக்கு."

லெட்சுமணனும் தலையாட்டினார். இழுத்தவர்களில் தானும் ஒருவர் என்பதைக் கந்தப்பன் சொல்லவில்லை. பத்திரிகையில் வந்தது.

அந்த ஞாயிறு மடுவத்தில் கூடிய கூட்டம் நகரவே இல்லை. நின்று படித்தவர்களின் காலில் ஏறிய அட்டைகள் ரத்தம் குடித்து வயிறு முட்டி, ஊர முடியாமல் உருண்டு போயின. கூட்டத்தைக் கலைக்க வந்த கணக்கப்பிள்ளை இரண்டு தடவை படித்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பினார்.

திருவிழாவன்று தேர் மடுவத்தடிக்கு வந்தது. பாதை அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

"கீழயே மொதல்ல போகட்டும். பொம்பளைங்க பாவம்," என்றார் லெட்சுமணன்.

"அதெப்பிடி? மேல உள்ளவங்க பாவமில்லையா?" என்றார் கந்தப்பன்.

"யோவ், மரியாதையாச் சொல்றேன், மொதல்ல நீ தேர வாங்கிக்க!"

"நீ வாங்குய்யா!"

ஆளுக்கொரு சட்டைக்காலரைப் பிடித்துக்கொண்டார்கள். லெட்சுமணன் அந்தப் பிடியிலிருந்தே, "பாப்பா, நீ ஒரு முடிவு சொல்லு," என்றார்.

"நான் சேதி எழுதுறவ. தீர்ப்புக்கு வேற ஆளப் பாருங்க."

அம்மன் அசையவில்லை. விடியற்கருக்கலில் பெரட்டுக்குக் கிளம்பிய கீழ்ப்பெண்கள் அர்ச்சனைத் தட்டோடு ஏறி வந்தார்கள். மேலே காத்திருந்து அலுத்தவர்கள் தட்டோடு இறங்கி வந்தார்கள். அவர்களோடு பேச்சியம்மாவும் வந்தாள். மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எளச்சுப் போயிட்டே. ஊரையெல்லாம் பேட்டி எடுத்தியே, பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கலாம்மா. மொதல்ல உங்க மருமகன் பக்கத்து நியாயத்தச் சொல்லுங்க."

பேச்சியம்மா உண்மையாகவே யோசித்தாள்.

"அப்ப வேணாம். இந்தத் தேங்காயப் புடி."