ரேடியேட்டரைப் பார்த்த புகைக்குழாய்

ஹரிராமுக்கு வார்ப்பிரும்பு என்றாலே ஆகாது. பற்றவைக்கும்போது சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். சூடு ஆறியதும் ஒட்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி 'டிக்' என்று புதிதாக ஒரு விரிசல் விடும். விருமாண்டியின் செங்கல் லாரி மேனிஃபோல்டு அந்த ஒரு வாரத்தில் அப்படி மூன்று முறை 'டிக்' சொல்லிவிட்டது. இன்ஜினின் ஆறு சிலிண்டர்களும் துப்புகிற புகையை வாங்கி, ஒரே வாயாகச் சைலன்சருக்கு அனுப்பி வைக்கும் வார்ப்பு அது.

"புதுசு மெட்ராஸ்ல இருந்துதான் வரணும்ணே. மூணு வாரமாவது ஆகும்," என்றான் ஹரிராம்.

விருமாண்டி பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணு வாரமா? வர்ற வெள்ளிக்கிழமை என் அக்கா மகனுக்குப் பரிசம் போடப் போறோம் வெல்டரே. நான் தாய்மாமன். நாப்பது பேரை என் லாரியில ஏத்திக் கூட்டிட்டு வாரேன்னு பழங்காநத்தம் பூராம் சொல்லி வச்சிருக்கேன். இப்பப் போயி டவுன் பஸ்ல வாங்கன்னா என் மீசைக்கு என்ன மதிப்பு?"

ஹரிராமின் குடும்பமே நூலுக்குச் சாயம் போடுகிற சௌராஷ்டிரக் குடும்பம். அவன் ஒருவன்தான் கேஸ் வெல்டிங் என்று கிளம்பி, பழங்காநத்தத்தில் தகரம் வேய்ந்த பட்டறை போட்டவன். டிராக்டர் கலப்பை, இரும்புக் கேட், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று பதினைந்து வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அவன் மனசு இருந்த இடம் வேறு. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டு மோட்டார் புத்தகத்திலிருந்து கிழித்த படம் அது. ரேஸ் கார் ஒன்றின் இன்ஜினிலிருந்து குழாய்கள் தனித்தனியாகப் புறப்பட்டு, பாம்புகள் போல வளைந்து, ஒன்றாகக் கூடும். அதைச் சுவரில் ஒட்டி வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வார்ப்பே வேணாம்ணே," என்றான் மெதுவாக. "ஆறு சிலிண்டருக்கும் ஆறு குழாய் தனித்தனியா வச்சு, கடைசியில ஒண்ணாச் சேத்துருவோம். ஒண்ணோட புகை இன்னொண்ண முட்டாது. இன்ஜின் நல்லா மூச்சு விடும். வெளிநாட்டுல ரேஸ் வண்டிக்கெல்லாம் அப்படித்தான்."

விருமாண்டியின் காதில் கடைசி வரி மட்டும்தான் விழுந்தது. "ரேஸ் வண்டிக்கா?" என்று எழுந்து நின்றார்.

அன்றே வேலை தொடங்கியது. எதிரே நின்ற லாரியில் பழைய மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கிரீஸைத் தடவி, காக்கித் தாளை அழுத்தி எடுத்தான் ஹரிராம். ஆறு ஓட்டைகளும் போல்ட் துளைகளும் தாளில் அச்சாக விழுந்தன. தாளைப் பட்டறை மேசையில் அச்சு தெரிய மல்லாத்திப் போட்டான். இன்ஜின் பக்கம் பார்த்தான், தாளைப் பார்த்தான், வலது ஓரத்தில் 'ரேடியேட்டர் பக்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான்.

அப்புறம் மூன்று நாள் அவன் சோறு தண்ணியை மறந்தான். குழாய் நசுங்காமல் வளையவேண்டும் என்பதற்காக வைகை மணலைச் சலித்து, வறுத்து, உள்ளே இடித்து நிரப்பி, சிவக்கச் சிவக்கக் காய்ச்சி வளைத்தான். ஆறும் ஒரே நீளம் இருக்கவேண்டும் என்று நூல் பிடித்து அளந்தான். அவன் மனைவி பத்மாசினி சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தொட்டில்ல போட்ட பிள்ளையைக்கூட இப்படித் தடவிக் கொடுக்கலையே நீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அதை இன்ஜினில் மாட்டினார்கள். அத்தனை போல்ட்டும் விரலாலேயே ஏறின. ஹரிராமுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறு குழாயும் ஒன்றாகக் கூடிய அந்தப் பெரிய வாய், பின்னால் சைலன்சரைப் பார்க்கவில்லை. முன்னால் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. திருப்பிப் போட்ட தாளில் இடது வலதாகும், வலது இடதாகும். முன்பக்கம் என்று அவன் எழுதியது பின்பக்கம். போல்ட் துளைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் அந்தப் பாவப்பட்ட இரும்பும் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டது.

விருமாண்டி குனிந்து பார்த்தார். "இது ஏன் வெல்டரே முன்னாடி பாக்குது?"

உண்மையைச் சொல்லத்தான் ஹரிராம் வாயைத் திறந்தான். ஆனால் விடிந்தால் பரிசம். கழற்றி மறுபடி செய்ய மூன்று நாள். நாக்கு தானாகப் புரண்டது. "அது... டிசைனுண்ணே."

"டிசைனா?"

"புகை எதுக்குண்ணே கீழ போகணும்? கப்பல்ல எங்க போகுது? ரயில்ல எங்க போகுது? பெரிய வண்டின்னா மேலதான்."

விருமாண்டி மீசையைத் தடவினார். "அதான பாத்தேன்," என்றார்.

பானட்டின் பக்கவாட்டுத் தகரத்தில் ஓட்டை போட்டு, அந்த வாயிலிருந்து ஒரு குழாயை மேலே ஏற்றி, டிரைவர் கூண்டுக்கு மேல் இரண்டடி நிற்கும்படி செய்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்தான் ஹரிராம். சைலன்சருக்கு அதில் வேலையே இல்லை. விருமாண்டி ஏறி இன்ஜினைக் கிளப்பினார். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வளைவுகளில் ஒட்டிக்கொண்டிருந்த மணலெல்லாம் மேலே எகிறி, எதிர் டீக்கடையின் வடைத் தட்டில் பொலபொலவென்று இறங்கியது.

"அடேய், என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளேடா!" என்று டீக்கடை இருளாயி கத்தினாள். உள்ளதைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை நாற்பது பேர் லாரியில் ஏறினார்கள். ஆண்கள் அத்தனை பேரும் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளையின் அப்பா பேயாண்டி முன்வரிசையில், கூண்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கூண்டுக்குள் விருமாண்டியும், பரிசச் சேலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய அக்கா பாண்டியம்மாளும். இருவருக்கும் நடுவில் ஹரிராம். "வழியில எதுவும்னா நீங்கதான் பாக்கணும்," என்று விருமாண்டி அவனை இழுத்துப் போட்டிருந்தார். தன் வாழ்க்கையில் எந்த இடத்திலும் இவ்வளவு பயத்தோடு உட்கார்ந்ததில்லை ஹரிராம்.

திருப்பரங்குன்றம் வரை கூட்டமான ரோடு. வண்டி மெதுவாகப் போனது. அதைத் தாண்டி ரோடு காலியானதும் விருமாண்டி மிதித்தார். செங்கல் லோடு மேடு ஏறவேண்டும் என்று டீசல் கூடுதலாகப் பாயும்படி பம்பை அவர் ஏற்கெனவே தாராளமாகத் திருகி வைத்திருந்தார். குழாயிலிருந்து கன்னங்கரேலென்று புகை கிளம்பி, காற்றில் மடங்கி, நேராகப் பின்னால் போய் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் கூண்டின் மேல் தடதடவென்று அடி விழுந்தது.

"கேட்டீகளா!" என்று விருமாண்டி கத்தினார். "கொட்டு அடிக்கிறாக! சந்தோசம் தாங்கல!" இன்னும் மிதித்தார்.

பின்னால் பெண்கள் வீறிட்டார்கள்.

"குலவை போடுறாக வெல்டரே!"

ஹரிராம் திரும்பிச் சின்னச் சன்னல் வழியாகப் பார்த்தான். கம்பிவலையில் ஒரு கறுத்த முகம் அழுந்திக்கொண்டிருந்தது. இரண்டு கண்களும் ஒரு வாயும் மட்டும் அதில் அசைந்தன. பேயாண்டியாக இருக்கவேண்டும். வாய் சொன்னது காதில் விழவில்லை. என்ன சொல்லியிருக்கும் என்பதில் சந்தேகமும் இல்லை.

"அண்ணே, நிப்பாட்டுங்க! எல்லாரும் கரியாயிட்டாக!"

"ஆமா ஆமா, சரியாத்தான் போகுது!" என்று விருமாண்டி தலையாட்டினார். பாண்டியம்மாளோ காது இரண்டிலும் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு, முருகனை வேண்டியபடி கண்ணை மூடியிருந்தாள்.

திருமங்கலத்துக்கு மேற்கே பெண் வீட்டார் பந்தல் போட்டு, சந்தனக் கிண்ணத்தோடு காத்திருந்தார்கள். கரும்புகையோடு அலறிக்கொண்டு வந்த லாரியையும், அதிலிருந்து குதித்த கரிய உருவங்களையும் பெண்ணின் அத்தை ஒச்சம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயையோ! லாரி தீப்பிடிச்சிருச்சு! ஆளுக வெந்துட்டாக! தண்ணியக் கொண்டாங்கடி!"

விருந்துக்கு நிரப்பி வைத்திருந்த அண்டாக்கள் அப்படியே வந்தன. சம்பந்தி வீட்டார் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, வலி தாங்காமல் ஆட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் நாலு குடம் ஊற்றினார்கள். கரி கரைந்து ஓடி, வெள்ளை வேட்டிகளெல்லாம் கோடு போட்ட வேட்டிகளாயின.

கூண்டிலிருந்து பாண்டியம்மாள் பட்டுச்சேலை கசங்காமல் இறங்கினாள். எதிரே சொட்டச் சொட்ட நின்ற ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?" என்றாள்.

"உன் புருசன்டி!" என்றார் பேயாண்டி.

மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. பெண் வீட்டார் கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பச்சைக் கட்டம் போட்ட லுங்கியும், 'அன்பளிப்பு' என்று அச்சடித்த துண்டுமாகப் பந்தலில் உட்கார்ந்தார். "தாய்மாமன் இப்படிப் பண்ணிப்பிட்டானே. பரிசமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்," என்று அவர் எழுந்தபோது லுங்கி எழவில்லை. அவிழ்ந்த லுங்கியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்காரத்தான் முடிந்தது. வீட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பெண் செல்லத்தாய் சிரிக்கிற சத்தம் கேட்டது. அது மற்றப் பெண்களுக்குத் தொற்றி, பந்தலுக்கு வந்து, கடைசியில் பேயாண்டியையும் பிடித்துக்கொண்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெண்ணின் அப்பா சின்னச்சாமி லாரியின் பானட்டைத் திறந்துவிட்டார். கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைத்து முப்பது வருஷம் ஓட்டியவர். ஆறு குழாய்களையும் தடவிப் பார்த்தார். "வளைவு அம்புட்டு சுத்தமா இருக்கே. ஆனா இது மூஞ்சி திரும்பியில்ல நிக்குது? யாரு செஞ்சது?"

எல்லோரும் ஹரிராமைப் பார்த்தார்கள். அவனுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

"நான்தாங்க. தாளைத் திருப்பிப் போட்டு அளந்துட்டேன். தப்பு என்னுதுதான். அண்ணன்கிட்ட டிசைனுன்னு பொய் சொல்லிட்டேன்."

விருமாண்டியின் மீசை ஒருமுறை துடித்தது. வியாழக்கிழமை சாயந்தரத்திலிருந்து பார்த்தவர்களிடமெல்லாம் கப்பல், ரயில் என்று அவர் விளக்கிச் சொல்லியிருந்தார். அத்தனையும் அவர் கண் முன்னால் வந்திருக்கவேண்டும்.

"அவரு பேச்ச நம்பாதீக," என்றார் கம்பீரமாக. "அடக்கமா பேசுறாரு. சௌராஷ்டிர ஆளுகளே அப்படித்தான், செஞ்சதச் சொல்லிக்கிற மாட்டாக. இது டிசைனுதான்."

"இல்லண்ணே, நிசமாவே தப்பு..."

"நீங்க சும்மா இருங்க வெல்டரே!"

பாண்டியம்மாள் தம்பியையும் பார்த்தாள், ஹரிராமையும் பார்த்தாள். "ஒருத்தன் செஞ்சதத் தப்புங்கிறான், ஒருத்தன் அந்தத் தப்ப டிசைனுங்கிறான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு எலையப் போடுங்க, திங்கட்டும்," என்றாள். பரிசம் நடந்தது.

திரும்பும்போது நாற்பது பேரும் ஒருவர் விடாமல் பஸ் ஏறிப் போனார்கள். தாய்மாமன் எவ்வளவு சொல்லியும் பேயாண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஹரிராம், யாரும் கேட்காமலேயே, தன் செலவில் வேறொன்று செய்தான். இந்த முறை தகரத்தில் அச்சு வெட்டி, இன்ஜின் மேலேயே வைத்து மூன்று தடவை சரிபார்த்தான். பத்மாசினியையும் கூட்டிவந்து, "இதுல எது முன்பக்கம்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். ஆறு குழாயும் ஒழுங்காகக் கூடி, பின்னால் வளைந்து, சைலன்சரில் போய் இறங்கின. பம்பையும் அளவாகத் திருகி வைத்தான். இன்ஜின் பூனை மாதிரி முனகியது. புகையே தெரியவில்லை. லாரி செங்கல் லோடோடு மேட்டில் கியர் மாற்றாமலே ஏறியது.

சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இருப்பது போலவே ஓடுகிற ஒன்றைத் தான் செய்துவிட்ட பெருமையில் ஹரிராம் நெஞ்சு விம்ம நின்றான். விருமாண்டி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்கினார். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் விருமாண்டி. "ஆனா சத்தமே இல்லையே வெல்டரே. நான் போறது யாருக்குத் தெரியும்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் லாரியில் ஏறினார். பழங்காநத்தம் கடைத்தெரு முடிகிறவரை, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹாரனை அமுக்கியபடியே போனார்.