முதல் ஸ்டிக்கர்

ஃபர்சானாவின் கட்டைவிரலுக்குத் தனி புத்தி உண்டு. அவள் எழுவதற்கு முன்பே அது எழுந்துவிடும். அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான், கண் பாதி திறந்திருக்க, விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு பூனை குளித்தது. ஒருத்தி பூசிய உதட்டுச் சாயத்தின் மேலேயே இன்னொரு சாயம் பூசினாள். எங்கோ வெள்ளம். அடுத்து. அடுத்து. சிரிப்பும் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண், புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி புளோக்கில் படுத்தபடியே உலகத்தையெல்லாம் பார்த்தாள். ஒன்றும் மனதில் ஒட்டவில்லை.

நடுவே 'நம்ம குடும்பம்' குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஜனாஸா அறிவிப்பு, யாரோ இறந்துபோன சேதி. இந்த அறிவிப்புகளை எழுதுகிறவர்களுக்கு அவசரம் என்பதே கிடையாது. மர்ஹூம் இன்னாரின் பேரரும், இன்னாரின் மகனாரும், இன்னாரின் மருமகனாரும், இன்னாரின் மைத்துனரும் என்று வம்சத்தையே வரிசையில் நிறுத்திவிட்டு, மௌத்தானவரின் பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள். போனோ முதல் சில வரிகளோடு நின்றுகொண்டு, மீதியைப் படிக்க அழுத்தச் சொல்லும். யார் அழுத்துவது? கீழக்கரையில் யாரோ, துபாயில் யாரோ, முகம் தெரியாத யாரோ என்று வாரம் தவறாமல் ஒன்று வருகிறது.

ஆனால் பதில் போடாமலும் இருக்க முடியாது. "நம்ம வூட்டுலேருந்து ஒரு துஆகூடப் போகலன்னா என்ன நெனப்பாங்க?" என்று உம்மா ஒருமுறை பிடிபிடியென்று பிடித்திருந்தாள். அதற்காகவே ஃபர்சானா ஒரு ஸ்டிக்கரைத் தயாராக வைத்திருந்தாள். வெள்ளை ரோஜா, கீழே பொன்னெழுத்தில் 'இன்னாலில்லாஹி'. அதைத் தட்டிவிட்டு மறுபடி பூனைக்குப் போனாள்.

அவள் படிக்காமல் விட்ட கடைசி வரியில் நூர்தீன் என்று இருந்தது. அவளுடைய மாமா, உம்மாவின் ஒரே தம்பி.

மாமாவுக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில் போன் உறை, சார்ஜர், சிம் கார்டு விற்கிற சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமை துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் தம்பிமார்கள் கூட்டத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஃபர்சானாவின் முதல் போனிலிருந்து எல்லாவற்றுக்கும் திரைமேல் காப்புக் கண்ணாடி ஒட்டியவர் அவர்தான். ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். போன வாரம் அவர் ஒட்டி முடிப்பதற்குள் இவள் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும் மாமா, குடுங்க. லேட்டாயிருச்சு."

"பொறு லா புள்ள, ஓரத்துல காத்து நிக்குது. சரி, சனிக்கிழமை வா. சரி பண்ணித் தர்றேன்."

கண்ணாடிக்கடியில் நின்ற அந்தக் காற்றுக் கொப்புளம் கண்ணை உறுத்தியதால் கிளம்பினாள். வீட்டில் உம்மா இல்லை. காலை ஷிஃப்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். லிட்டில் இந்தியா வரை ரயிலில் தலை நிமிரவில்லை. கடைக்குப் போய் நின்றால் ஷட்டர் இறங்கியிருந்தது. சலிப்போடு, 'மாமா, எங்க இருக்கீங்க?' என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள்.

பக்கத்துப் பூக்கடை முத்துராமன் மாலை கட்டிக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் கையை நிறுத்தினார்.

"பாப்பா, நீ இன்னும் போகலியா?"

"எங்க அங்கிள்?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மாலையைக் கீழே வைத்தார். "உங்க மாமா... காலையில தொழுகைக்கு எந்திரிச்சவரு, நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தாராம். அவ்வளவுதாம்மா. மத்தியானத் தொழுகைக்கு எடுக்கறாங்கன்னு சொன்னாங்க. போ, முகத்தையாவது பாத்துரு."

ஃபர்சானா குரூப்பைத் திறந்து அறிவிப்பைக் கடைசிவரை படித்தாள். அதன் கீழே முதலில் அவளுடைய ரோஜா. அதற்குக் கீழே மற்றவர்களின் ரோஜாக்கள். படித்தது புரிந்தது. ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை.

புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் மாமா வீட்டுக்கு கார் பிடித்தாள். முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது. அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போக மாட்டார்கள். வீட்டில் பார்த்தால்தான் உண்டு. பாதி வழியில், ஒருவன் முட்டை பொரிப்பதைத் தான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விரல் எப்போது திறந்ததென்று அவளுக்கே தெரியாது. அருவருப்பாக இருந்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

புளோக்கின் கீழே ஆண்கள் யாரும் இல்லை. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மேலே வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மாமாவைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி போய்விட்டிருந்தது. கூடத்தின் நடுவே அது இருந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. உம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். மாமாவின் மனைவி ருக்ஸானா மாமி கையை நீட்டி இவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"போன்ல சார்ஜ் இல்ல மாமி," என்றாள் ஃபர்சானா. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. "இப்பதான் தெரியும்."

மாமி குழம்பினாள். "உன்னுதுதானே முதல்ல வந்துச்சு? உங்க உம்மா உனக்கு அடிக்கத்தான் போனை எடுத்தா. உன் ரோஜாவப் பாத்துட்டு, புள்ளைக்குத் தெரிஞ்சுருச்சு, கெளம்பியிருப்பான்னு வச்சுட்டா. எல்லாருக்கும் முன்னாடி நீதான் வருவேன்னு இருந்தோம்." மாமியின் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "முகத்த மூடாமத்தான் வச்சிருந்தோம். மூடிரலாமான்னு ஹஜ்ரத்து ரெண்டு தரம் கேட்டாரு. வழியில இருக்கும், கொஞ்சம் பொறுங்கன்னு நான்தான் சொன்னேன். ரோட்ல ஜாமா?"

ஜாம் என்று சொல்லியிருக்கலாம். மாமி நம்பியிருப்பாள்.

"இல்ல மாமி. நான் அதப் படிக்கவே இல்ல. படிக்காமலே அனுப்பிட்டேன்."

"யாருன்னு பாக்காமலேவா?"

ஃபர்சானா தலையாட்டினாள். உம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பைக்குள் போன் அதிர்ந்தது. கை அதுபாட்டுக்குப் போய் எடுத்துவிட்டது. கட்டைவிரல் திரைக்கு மேல் நின்றது. மாமி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபர்சானா பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்து, வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அணைக்காத போனை அணைத்தாள். கண்ணாடி கறுத்ததும் ஓரத்தில் அந்தக் கொப்புளம் எடுப்பாகத் தெரிந்தது. அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து அங்கேயே நின்றது. அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை.

மாமி போனை வாங்கி, கறுத்த கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"நேத்துகூடச் சொன்னாரு," என்றாள். "நாளைக்குப் புள்ள வரும், கடைய வெள்ளனத் தொறக்கணும்னு."